கை நனைத்தவர்கள் எழுதியது

அவர் கையால் சாப்பிட்டுப் போனவர்கள் யாரும் அவருடைய விடுதியைப் பற்றி ஒரு குறைகூட எழுதியதில்லை. அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க எனக்கு இருந்த பயம் அதுதான்.

கொல்லிமலையில் கோயிலுக்கும் அருவிக்கும் போகிற ரோட்டோரம் இருந்தது அந்த விடுதி. அதை நடத்தி வந்த பெண்மணி மலைக்காரர் இல்லை. நாமக்கல் பக்கம், அடிவாரத்தில் சொந்தக் காடு தோட்டம் வைத்து வெள்ளாமை செய்கிற குடும்பம். கணவர் இறந்த பிறகு, மேலே வாங்கிப் போட்டிருந்த மிளகுத் தோட்டத்தில் இந்தக் கட்டடத்தை எழுப்பி இங்கேயே தங்கிவிட்டார். வேலை செய்கிற நாங்கள் அம்மா என்போம். வந்து தங்குகிறவர்களை அவர் கஸ்டமர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒறம்பரை என்பார். வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

“ஒறம்பரை வந்தாச்சு. சாவி அப்புறம் குடுத்துக்கலாம், மொதல்ல தண்ணி குடு” என்பதுதான் அவர் எனக்குக் கற்றுத் தந்த வரவேற்பு முறை.

நான் மலைமேலேயே இருக்கிற வாழவந்தி நாட்டுக்காரி. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பா இன்றைக்கும் ரேஷன் கடையில் கைநாட்டு வைக்கிறவர். நான் ராசிபுரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்து டிகிரி வாங்கினேன். இதை நான் அடக்கமாகச் சொல்வதில்லை. அடக்கமாகச் சொல்ல எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. அந்த விடுதியில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார உரிமை இருந்தவள் நான் மட்டும்தான். என் அண்ணனும் அங்கேதான் இருந்தான். ஜீப் ஓட்டுவான், தோட்ட வேலை பார்ப்பான். எங்கள் இரண்டு பேர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் இருக்கும். சென்னையில் இருக்கிற அவருடைய மருமகன் வந்தபோது, “இனிமே நெட்டுல பாத்துட்டுத்தான் அத்தை எல்லாரும் வருவாங்க. ஏற்கனவே தங்கிட்டுப் போனவங்க நல்லதோ கெட்டதோ எழுதுவாங்க, அதைப் படிச்சுட்டுத்தான் அடுத்த ஆள் ரூம் கேப்பாங்க” என்றார்.

அம்மா முட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். “யாரு எழுதறது? தங்குனவங்களேவா?”

“ஆமா.”

“சாப்ட்டுட்டு எழுதுவாங்களா, சாப்டாம எழுதுவாங்களா?”

மருமகன் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மறுநாள் ஆபீஸ் ரூமில் இருந்த கம்ப்யூட்டரைத் தூக்கிச் சாப்பாட்டுக் கூடத்தில், கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். போன் வயரை நீட்டி இழுக்க ஆள் வரவேண்டியிருந்தது. கை கழுவித் திரும்பினால் எதிரே கம்ப்யூட்டர். அதைத் தாண்டினால்தான் வாசல்.

பொண்ணு பார்க்க வந்தவர்கள், சம்மதம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் அப்புறம் நகை குறைவு, நிறம் குறைவு என்று பேச முடியாது. பங்காளிகளுக்குள் சண்டை வந்தாலும் முதலில் நிற்பது சாப்பாடுதான். பேச்சு அதற்குப் பிறகுதான் நிற்கும். கீழ்நாட்டிலும் இதுதான், மலைமேல் எங்களுக்கும் இதுதான். ஒரு வீட்டில் கை நனைத்தவர் அந்த வீட்டைப் பற்றி வெளியே குறை பேசுவது கேவலம். எல்லோருக்கும் தெரிந்த இந்த வழக்கத்தைக் கம்ப்யூட்டரோடு இணைக்க முடியும் என்று கண்டுபிடித்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

அவர் ஒரு பொய்கூட எழுதச் சொன்னதில்லை. வேறு விடுதிக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள் என்று மருமகன் சொன்னபோது முகத்தைச் சுளித்தார். “அது எச்சக்கலைத்தனம். நம்மளது எல்லாம் ஒறம்பரை அவங்க கையால எழுதுனது.” அது உண்மை. ஒவ்வொரு எழுத்தும் அவரவர் தட்டியதுதான்.

ஒரு தடவை பெங்களூரிலிருந்து வந்த ஒருவர், காலையில் கண்கள் சிவக்க மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

“மேடம், சீலிங்ல எலி. தூங்கவே முடியல. சுடுதண்ணியும் வரல. நான் இதை எழுதத்தான் போறேன்” என்று என்னிடம் சத்தம் போட்டார்.

சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தார் அம்மா. “எழுதுங்க சாமி, கட்டாயம் எழுதுங்க. சாப்ட்டுட்டு எழுதுங்க. கோவம் எங்க போயிரப் போவுது, இங்கதான இருக்கும்?”

அன்றைக்கு இடியாப்பம் மாதிரி பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும். அப்புறம் முடவாட்டுக்கால் கிழங்கு சூப். அம்மா பக்கத்தில் நின்று ஊற்றினார். “முட்டி வலிக்கு நல்லதுங்க. உங்கம்மாவுக்கு முட்டி வலி இருக்குதுங்களா? கெழங்கு கட்டிக் குடுக்கறேன், எடுத்துட்டுப் போங்க.” அந்த மனிதருடைய அம்மாவுக்கு முட்டி வலி இருந்தது. எல்லோருடைய அம்மாவுக்கும் இருக்கும்.

கை கழுவிவிட்டு அவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். இங்கிலீஷில், இரவெல்லாம் எலித் தொல்லை என்று தட்டினார். நிறுத்தினார். அம்மா இரண்டடி தள்ளி, கிழங்குப் பையின் வாயைச் சணலால் கட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கக்கூட இல்லை. அந்த மனிதர் ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். பிறகு எழுதினார்: இயற்கையோடு ஒன்றி வாழ விரும்புகிறவர்களுக்கு ஏற்ற இடம். குளிர்ந்த நீரில் குளித்தது புத்துணர்ச்சி. ஐந்து நட்சத்திரம்.

அவர் போனதும் நான் சொன்னேன். “அம்மா, எலியைத்தான் இயற்கைன்னு எழுதியிருக்காருங்க.”

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். “அதுவும் ஆண்டவன் படைச்சதுதான கண்ணு?”

எலிக்குப் பொறி வைத்தார். அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மாடிக்கூரையில் இருந்த பொந்தை அடைக்கவில்லை. அடைக்கவேண்டிய அவசரத்தை யாரும் அவருக்கு உண்டாக்கவில்லை.

சாப்பிடாமல் கிளம்புகிறவர்களைக் கண்டால் அவருக்கு உடம்பே சரியில்லாமல் போய்விடும். ஒருமுறை ஒரு ஜோடி விடிகாலை பஸ்ஸைப் பிடிக்க நடந்துவிட்டார்கள். அவர் ஒரு காலில் மட்டும் செருப்போடு ரோட்டுக்கு ஓடி, பஸ்ஸை மறித்து, ஜன்னல் வழியாக எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைத் திணித்தார். கண்டக்டர் திட்டினான். அவனுக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார். மூச்சிரைக்கத் திரும்பி வந்து, “கோவிச்சுட்டுப் போறாங்களோன்னு நெனச்சுட்டேன்” என்றார். அவர் கண்ணில் நான் பார்த்தது கணக்குப் போடுகிற ஆளுடைய பார்வையாக இல்லை. நிஜமாகவே பயந்திருந்தார். அந்தப் பயம் பிழைப்புக்கானதா, பாசத்தால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க என் படிப்பு போதவில்லை.

அருவிக்குப் போகிற படிகள் கோயிலைத் தாண்டி ஆரம்பிக்கும். இறங்குகிறவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்குவார்கள். திரும்பி ஏறும்போதுதான் மலை தன்னைக் காட்டும். செங்குத்தாக, திரும்பித் திரும்பி, முடிந்தது என்று நிமிர்ந்தால் இன்னொரு வளைவு தெரியும். எங்கள் ஊர் ஆட்களே ஏறும்போது பேச மாட்டார்கள்.

திருச்சியிலிருந்து ஒரு மகன் தன் வயதான அம்மாவைக் கூட்டி வந்திருந்தார். அந்தப் பாட்டி ஆசைப்பட்டு இறங்கிவிட்டார். ஏற முடியவில்லை. என் அண்ணனும் தோட்டத்து ஆள் ஒருவரும் பிரம்பு நாற்காலியை இரண்டு மூங்கிலில் கட்டி, அதில் அவரை உட்காரவைத்துத் தூக்கி வந்தார்கள். அண்ணனுடைய தோளில் தோல் உரிந்துபோனது. பாட்டி வெட்கப்பட்டு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். அன்று மதியம் அரிசியும் பருப்பும் போட்டு ஆக்கிய சோறும் நெய்யும் பரிமாறினார் அம்மா. மகன் உருகிப்போய் எழுதினார்: எழுபது வயதைத் தாண்டிய என் அம்மாவும் அருவியைப் பார்த்துவிட்டு வந்தார். வயதானவர்களையும் தைரியமாக அழைத்து வரலாம்.

நான் அன்றே சொன்னேன். “தூக்கிட்டு வந்ததை எழுதலீங்கம்மா.”

“உடு சாமி. அந்தம்மாவுக்கே கூச்சம். சாப்ட்ட வாயில அதெல்லாம் எதுக்கு?”

அந்த வரிக்குப் பிறகு வயதானவர்கள் அதிகமாக வர ஆரம்பித்தார்கள். பல பேர் பாதிப் படியிலேயே திரும்பி வந்தார்கள். முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், மூச்சுவாங்க வந்தார்கள். வந்து சாப்பிட்டார்கள். மலையின் அழகைப் பற்றி எழுதிவிட்டுப் போனார்கள். படிகளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. நான் ஒவ்வொன்றையும் தமிழில் அவருக்குப் படித்துச் சொல்வேன். அவர் இமை மூடிக் கேட்பார், சாமி பாட்டுக் கேட்கிற மாதிரி. எழுதியவர்கள் எப்படி எழுதினார்கள் என்பது என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்டதில், அவரும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். அதை நான் கவனித்திருந்தேன். எவ்வளவு தூரம் நம்பினார் என்பது ஐப்பசி மாதத்தில் ஒரு காலையில்தான் தெரிந்தது.

முந்தின நாள் சாயங்காலம் ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. மகன், மருமகள், மகனுடைய அப்பா. பெரியவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்று மருமகள் என்னிடம் சொல்லியிருந்தார். அதனால் கோயிலோடு நிறுத்திக்கொள்வார்கள் என்று நினைத்து நான் ஊருக்குப் போய்விட்டேன். மறுநாள் நான் வந்து சேர்ந்தபோது அறை பூட்டியிருந்தது.

“எங்கீங்கம்மா அவங்க?”

“அருவிக்கு. விடிஞ்சதுமே கெளம்பிட்டாங்க.”

“பெரியவருமா?”

“ஆமா. அந்தத் தம்பி கேட்டாரு, அப்பாவுக்கு முடியுமாங்கன்னு. எத்தனையோ வயசானவங்க போயிட்டு வந்திருக்காங்க, நெட்டுலயே எழுதியிருக்குதேன்னேன். அவரும் ஆமாங்க, படிச்சேன்னுட்டாரு.”

“அண்ணன் கூடப் போயிருக்கானுங்களா?”

“அவன சோளக்காட்டுச் சந்தைக்கு அனுப்பிச்சேன், அன்னாசி வாங்கியாற.”

“அம்மா, அந்தத் திருச்சிப் பாட்டிய நாம தூக்கிட்டுத்தானுங்களே வந்தோம்?”

அவர் என்னைப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார். நினைவு திரும்பி வருவதை அவர் முகத்தில் பார்த்தேன். கையில் இருந்த வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு, “ஐயோ சாமி” என்றார்.

வெளியே பனி இறங்கியிருந்தது. எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. செல்போனுக்கு அங்கே சிக்னல் கிடையாது. ஜீப் சோளக்காட்டில். அந்த நேரத்தில் கீழ்நோக்கிப் போகிற பஸ் வந்தது. அவர் ரோட்டின் நடுவில் போய் நின்றார்.

“சோளக்காட்டுல எங்க ஜீப் நிக்கும். ஓட்டறவன உடனே படிக்கட்டுக்கு வரச் சொல்லுங்க. கூட ஒரு ஆளையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. உசுரு போற காரியமுங்க” என்று கண்டக்டரிடம் கத்தினார்.

நான் பிரம்பு நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினேன். கோயிலைத் தாண்டி, படியில் இறங்கினேன். ஈரப்பாசியில் இரண்டு தரம் வழுக்கினேன். நாலைந்து வளைவுகள் தாண்டியதும் மருமகள் மேலே வந்துகொண்டிருந்தார். கீழே கையைக் காட்டினார்.

பெரியவர் படியோரச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. சட்டை முழுக்க வியர்வை, அந்தக் குளிரில். இடது கையை மடியில் தூக்கி வைத்திருந்தார், அது அவருடையது இல்லை என்பதைப்போல. மகன் ஒரு மாத்திரையை அவர் நாக்குக்கு அடியில் வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் வெடித்தார். “என்ன படிங்க இது? இறங்கும்போது தெரியல. அத்தனை பேர் எழுதியிருக்காங்களே, ஒருத்தர்கூடச் சொல்லல! எழுபது வயசு அம்மா ஏறி வந்தாங்கன்னு போட்டிருந்துச்சே!”

“அவங்கள இந்த நாற்காலியிலதான் தூக்கிட்டு வந்தோமுங்க” என்றேன்.

அவர் நாற்காலியைப் பார்த்தார். அந்தப் பார்வையை விவரிக்க எனக்கு வராது.

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அம்மா. முட்டி வலியால் கோயில் படியே ஏறாதவர், ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து, கைகளை ஊன்றி இறங்கி வந்துகொண்டிருந்தார். சேலையெல்லாம் சேறு. வந்து பெரியவருடைய பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உள்ளங்காலைத் தேய்க்க ஆரம்பித்தார்.

“விடுங்க அவரை” என்றார் மகன். “உங்ககிட்டதான கேட்டேன்? கேட்டுட்டுத்தான கூட்டிட்டு வந்தேன்?”

அம்மா தேய்த்துக்கொண்டே இருந்தார்.

பெரியவர் கண் திறந்தார். மிகவும் மெதுவாகப் பேசினார். “சத்தம் போடாத தம்பி. நேத்து அவங்க கையிலதான சாப்ட்டோம்.”

சாவு பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறபோதும் அந்த மனிதர் முந்தின நாள் சாப்பாட்டுக்கு மரியாதை செய்துகொண்டிருந்தார். அம்மாவும் அதைக் கேட்டார். தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. மறுபடி தேய்த்தது.

அண்ணன் வரும்வரை நாங்கள் அப்படியே இருந்தோம். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பனிக்குள்ளே அருவியின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்காகத்தான் இத்தனை பேர் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள் என்று நினைத்தபோது வெறுப்பாக இருந்தது. பெரியவரின் மூச்சு இழுக்கும்போதெல்லாம் மகன் அவர் சட்டைப் பொத்தானைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு மேலே அண்ணனின் குரல் கேட்டது. மூங்கில்களோடு இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். நாற்காலியைக் கட்டினார்கள். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினார். ஏறும்போது ஒருவரும் பேசவில்லை.

ஜீப்பில் பெரியவரைச் சாய்த்துப் படுக்கவைத்து, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அம்மாவும் ஏறிக்கொண்டார். மகன் வேண்டாம் என்றார், அவர் கேட்கவில்லை. நான் விடுதியில் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் ஒரு அழைப்பு வந்தது. பாய்ந்து எடுத்தேன். சேலத்திலிருந்து யாரோ, தீபாவளி லீவுக்கு ரூம் கேட்டார்கள். “நெட்டுல ரொம்ப நல்லா போட்டிருக்காங்க” என்றார்கள். நான் போனை வைத்துவிட்டேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் அண்ணன் கூப்பிட்டான். “பொழச்சுக்கிட்டாரு. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா கஷ்டமுன்னு டாக்டர் சொன்னாங்களாம்.”

அம்மா திரும்பி வரவில்லை. அடிவாரத்தில் இருந்த தன் வீட்டில் தங்கி, பெரியவர் டிஸ்சார்ஜ் ஆகிறவரை தினமும் டிபன் கேரியரில் சாப்பாடு கொண்டுபோனார். முதல் நாள் மகன் வாங்கவில்லையாம். கேரியரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தாராம், அவரும் சாப்பிடாமல். இரண்டாம் நாள் மருமகள் வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் மகனும் சாப்பிட்டார். அண்ணன் இதை எனக்குச் சொன்னபோது அவன் குரலில் நிம்மதி இருந்தது. எனக்கு அது இல்லை; அவரும் மறுபடி கை நனைத்துவிட்டார்.

அம்மா மலைக்குத் திரும்பி வந்த அதே வாரம் அந்த மகன் எழுதியது வந்தது. நான் படித்துச் சொன்னேன். அப்பாவுக்கு உடல்நலம் சரியில்லாமல் போனபோது சொந்தத் தாயைப்போல் பார்த்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட மனிதர்கள் இருக்கும் இடத்துக்கு எல்லோரும் குடும்பத்தோடு போகவேண்டும். ஐந்து நட்சத்திரம்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “தங்கமான மனுசன்.”

“படிக்கட்டப் பத்தி ஒரு வரிகூட இல்லீங்கம்மா.”

“அனுபவிச்சவரே எழுதல. நமக்கென்ன கண்ணு?”

“படிச்சுட்டு இன்னொருத்தர் அப்பாவக் கூட்டிட்டு வருவாங்க. அன்னிக்கும் ஜீப் சோளக்காட்டுல இருந்தா?”

அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் எழுதறேனுங்க” என்றேன்.

அவர் திரும்பினார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “இந்த ஊட்டுச் சோத்தத் தின்னுட்டா?”

அன்று மதியம் வழக்கம்போல எனக்கும் இலை போட்டிருந்தார்கள். “வேண்டாங்கம்மா” என்றேன். சாப்பாட்டுக் கூடமே நின்றுபோனது. பரிமாறிக்கொண்டிருந்த பெண் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து என்னைத் தோட்டத்துக்கு இழுத்துப் போனான்.

“உனக்கென்ன கிறுக்கா? ரெண்டு பேர் வேலையும் போயிரும். நாலு எழுத்துப் படிச்சுட்டா என்ன வேணாப் பண்ணுவியா?”

“நாலு எழுத்துப் படிச்சதே இதுக்குத்தாண்டா.”

“அப்பாகிட்ட நீயே சொல்லு போ, இனி அடுப்பு எரியாதுன்னு.”

சாயங்காலம், அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து என் சொந்தப் பெயரில் எழுதினேன். நான் இந்த விடுதியில் வேலை பார்க்கிறேன். அருவிக்கு இறங்குவது சுலபம், ஏறுவது அப்படி இல்லை. நெஞ்சு நோய், மூச்சிரைப்பு, மூட்டு வலி உள்ளவர்கள் இறங்கவே வேண்டாம். இங்கே வந்த வயதான அம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தோம். ஆபத்து என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு மலையிறங்கித்தான் போகவேண்டும். மாடியில் எலி உண்டு. சாப்பாடு மிகவும் நன்றாக இருக்கும்.

கடைசி வரியை எழுதாமல் இருக்க முடியவில்லை. அதுவும் உண்மை.

தமிழில் அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார்.

“எத்தனை நட்சத்திரம் போட்ட?”

“மூணுங்க.”

“மிச்சம் ரெண்டு?”

“ஒண்ணு எலிக்கு. ஒண்ணு படிக்கட்டுக்குங்க.”

அவர் எழுந்து சமையலறைக்குள் போனார். நாளைக்கு வராதே என்று சொல்வார் எனக் காத்திருந்தேன். சொல்லவில்லை. மறுநாள் நான் வீட்டிலிருந்து களியும் கீரையும் கட்டிக்கொண்டு போனேன். மதியம் என் இடத்தில் இலை போட்டிருந்தது. நான் வெளியே பலா மரத்தடியில் உட்கார்ந்து என் தூக்குச்சட்டியைத் திறந்தேன். அடுத்த நாளும் இலை. அதற்கடுத்த நாளும். ஒருவரும் சாப்பிடாத அந்த இலையை அவரே எடுத்துக்கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டார். என்னிடம் பேச்சு இல்லை. சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போவார், நான் எடுத்துக்கொள்வேன். சொல்லவேண்டியதை அண்ணனிடம் சொல்லி அனுப்புவார். தீபாவளி லீவுக்குக் கேட்டிருந்தவர்களில் சிலர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் என்னோடு ஒரே பஸ்ஸில் ஏறுவதைக்கூட நிறுத்திவிட்டான்.

கார்த்திகையில் ஒரு கார் வந்து நின்றது. முன்சீட்டில் ஒரு மூதாட்டி, கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு. மகன் இறங்கி வந்தார். அம்மா வாசலில் நின்றிருந்தார். நான் உள்ளே மேஜையில்.

“ஏனுங்க, அருவிக்கு அம்மாவக் கூட்டிட்டுப் போகலாமுங்களா? நெட்டுல எல்லாரும் நல்லா இருக்குதுங்கறாங்க, ஒருத்தர் மட்டும் போகாதீங்கன்னு எழுதியிருக்காங்க. எதை நம்பறதுன்னே தெரியலீங்க.”

அம்மா காரில் இருந்த மூதாட்டியைப் பார்த்தார். பார்வையை என் பக்கம் திருப்பினார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றுதான் என்னை நேராகப் பார்த்தார்.

“உள்ள அந்தப் புள்ள உக்காந்திருக்குது பாருங்க, அதக் கேளுங்க சாமி. அது எங்க ஊட்டுல கை நனைக்கறதில்லீங்க.”

அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் உள்ளே வந்தார். நான் எழுந்து நின்று, படிகளைப் பற்றி, பனியைப் பற்றி, ஆஸ்பத்திரி இருக்கிற தூரத்தைப் பற்றி, ஒன்றும் விடாமல் சொன்னேன். அம்மா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வந்தவர்களுக்கு வெட்டி வைத்த தலைவாழை இலை அவர் கையில் இருந்தது. நான் சொல்லி முடிக்கிறவரை அவர் அதைப் போடவில்லை.